திரும்ப வராத முறுக்கு

முறுக்கு என்றவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தீபாவளிக்கு முன்பு தேக்காவில் பிளாஸ்டிக் புட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த முறுக்குத்தானே? எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மோட்டார்சைக்கிளின் வலப்பக்கக் கைப்பிடிதான் அது. “முறுக்கு எப்படி இருக்கு?” என்று அப்பா கேட்டால், அவர் பலகாரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று அம்மாகூட நினைக்கமாட்டார்.

ஆங்கிலத்தில் அதற்குத் திராட்டில் என்று பெயர். தொண்டையைக் குறிக்கும் ‘திரோட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. இயந்திரத்தின் தொண்டை வழியாக எவ்வளவு காற்று உள்ளே போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் ஆக்சிலேட்டர் என்பார்கள். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். மலாய் நண்பர்களோடு பேசிப் பழகியதால் சில நேரம் ‘மினியாக்’ என்றும் சொல்வார். மலாயில் எண்ணெய்க்கு அதுதான் சொல். எந்தப் பெயரில் அழைத்தாலும் அது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். முறுக்கினால் வேகம் கூட வேண்டும், கையை விட்டால் தானாகத் திரும்பி வந்து வேகம் குறைய வேண்டும்.

2024 நவம்பரில் எங்கள் வண்டியின் முறுக்கு திரும்பி வர மறுத்தது. அதை வீட்டிலேயே எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். வண்டி ஓட்டாதவர்களும் படிக்கலாம். திருகாணி, ஸ்பிரிங், கம்பி இவற்றைத் தவிர இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

முதலில் அது எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். கைப்பிடியைத் திருப்பினால் அதனோடு இணைந்த ஒரு மெல்லிய கம்பி இழுபடும். கம்பியின் மறுமுனை கார்ப்ரேட்டருக்குள் இருக்கிறது. அங்கே சிலைடு என்ற சிறு உருளை, கிணற்று வாளியைப் போலக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பி இழுபட்டால் சிலைடு மேலே ஏறும், காற்றுவழி திறக்கும், இயந்திரம் உறுமும். கையை விட்டால் சிலைடின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும், காற்றுவழி மூடிக்கொள்ளும். பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் இந்த அமைப்புதான். பெரிய வண்டிகளில் இழுக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு கேபிள்கள் இருக்கும். அண்மைய வண்டிகள் சிலவற்றில் கம்பியே இல்லை, எல்லாம் மின்னணுதான்.

இந்தக் கம்பிக்குப் பௌடன் கேபிள் என்று பெயர். எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்றார். சுருளாகச் சுற்றிய உறைக்குள் ஓர் எஃகுக் கம்பியை ஓட விட்டால், வளைந்து நெளிந்த பாதையிலும் இழுவிசையைக் கொண்டுபோகலாம் என்பதே அதன் நுட்பம். இன்றுவரை நம் மிதிவண்டி பிரேக்குகளிலும் அதேதான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அப்பா சொல்வது போல, “அதுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது.”

ஆகவே திறப்பது நம் கை, மூடுவது ஸ்பிரிங். கேபிளுக்குள் துருவேறி உராய்ந்தாலும் கைக்கு அது பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் அழுத்தித் திருப்பிவிடுவோம். அந்தச் சிறிய ஸ்பிரிங்குக்கு அவ்வளவு வலு ஏது? அதனால் கோளாறு நாளுக்கு நாள் வளர்ந்தாலும், வேகம் கூட்டும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கையை விடும் நேரத்தில்தான் தெரியவருகிறது. கையை விடுவது எப்போது? முன்னே ஏதோ நிற்கும்போதுதானே!

எனக்குத் தெரியவந்தது ரங்கூன் ரோட்டுச் சாலை விளக்கில். கென்ட் ரிட்ஜிலிருந்து மழையில் நனைந்துகொண்டு திரும்பிய மாலை. விளக்கு சிவப்பானது, கையை விட்டேன், இயந்திரம் அடங்கவில்லை. முன்னால் ஒரு லாரி. இடக்கையால் கிளச்சை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி, வலக்கைக் கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானைத் தட்டினேன். இயந்திரம் ஒருமுறை அலறிவிட்டு நின்றது. லாரிக்கும் எனக்கும் இடையே ஒரு கார் நிற்கும் அளவு இடம் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வண்டி ஓட்டும் நண்பர்கள் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு சிக்கிக்கொண்டால் முதலில் கிளச். கிளச்சை இழுத்ததும் இயந்திரம் காதைப் பிளக்கும்படி கத்தும், கத்தட்டும். அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகாது. அடுத்து பிரேக், உடனே சிவப்புப் பொத்தான். பலர் அந்தப் பொத்தானை உரிமம் எடுக்கும் வகுப்பில் தொட்டதோடு சரி. ஆண்டுக்கணக்கில் அழுத்தாமல் விட்டால் அதுவும் இறுகிப்போகும். வாரம் ஒருமுறையாவது சாவியைத் திருப்புவதற்குப் பதில் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். 2023-இல் சிங்கப்பூர்ச் சாலைகளில் இறந்தவர்களில் சுமார் பாதிப் பேர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் அவர்கள் பின்னால் அமர்ந்து சென்றவர்களும்தான். எண்ணிக்கையில் கார்களைவிட மிகக் குறைவான வாகனத்துக்கு இது மிக அதிகம்.

கார்களுக்கும் இந்தத் தொல்லை வந்ததுண்டு. 2010 ஜனவரியில் டொயோட்டா நிறுவனம், மிதித்த பெடல் திரும்பி வராமல் சிக்கக்கூடும் என்று சொல்லி அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. பெரிய நிறுவனத்தின் புத்தம்புது வாகனத்திலேயே நடந்தது, 22 வயது வண்டியில் நடந்ததில் வியப்பில்லை.

நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஃபேரர் பார்க்கின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித், தம் விக்கர்ஸ் விமி விமானத்தை அந்தத் திடலில்தான் இறக்கினார். அவ்வளவு பெரிய விமானத்துக்குத் திடல் போதாது என்ற பயம். விமானம் இறங்கும்போது அவருடைய பொறியாளர் பென்னட், விமானியறையை விட்டு வெளியேறி உடற்பகுதியின் மேலேயே வால்வரை சறுக்கிப் போனார். வாலின் எடையைக் கூட்டி விமானத்தைச் சீக்கிரம் நிறுத்துவதற்காக! அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அந்த ஆளுதான் உண்மையான ஃபிட்டர்” என்றார்.

வண்டிக்கு வருகிறேன். அது அப்பாவின் வண்டி. 2002 மார்ச்சில் பதிவான 125 சிசி ஜப்பானிய வண்டி. நான் தொடக்கப்பள்ளிக்கு அதன் பின்னிருக்கையில்தான் போனேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் வலக்கையில் நடுக்கம் வந்தது. மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவராக ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். நான் 2பி உரிமம் எடுத்து ஓட்டத் தொடங்கினேன். அம்மாவுக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை.

இந்த வண்டிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடக் கூடாது. புகை காரணமாக 2018-இல் அறிவித்தார்கள். முன்கூட்டியே பதிவை ரத்துசெய்தால் 3,500 வெள்ளிவரை ஊக்கத்தொகை என்றும் சொன்னார்கள். எங்கள் புளோக்கில் இரண்டு பேர் அதை வாங்கிக்கொண்டார்கள். அப்பா வாங்கவில்லை. 2022-இல் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மோட்டார்சைக்கிள் சான்றிதழ் விலை 10,000 வெள்ளியைத் தாண்டிய ஆண்டு அது. இந்தப் பழைய இரும்புக்கா இவ்வளவு காசு என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பா கட்டிவிட்டார்.

அறிவிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய கார்ப்ரேட்டர் வண்டியின் பின்னால் விளக்கில் நிற்பவர்களுக்குத்தான் அந்தப் புகையின் அருமை தெரியும். ஆனால் ஓடக்கூடிய நாள்வரை ஒழுங்காக ஓட வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் காட்டினேன். அந்த இளைஞர் முறுக்கை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, கார்ப்ரேட்டர் தேய்ந்துவிட்டது, முழுதாக மாற்ற 300 வெள்ளி ஆகும், பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு செய்வது வீண் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. “கார்ப்ரேட்டர் மேல பழி போடறது சுலபம் பாப்பா. அது பேசாதுல்ல. மொதல்ல எங்க பிடிக்குதுன்னு பாப்போம்.”

அவர் சொன்ன அந்த ‘பிடிக்குது’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? எனக்குத் தெரிந்து பிடிப்பது என்றால் விருப்பம். இல்லையென்றால் கையால் பற்றுவது. இயந்திரத்தில் எங்கோ உராய்ந்து சிக்குவதற்கும் அதே சொல். இதைவிடப் பொருத்தமாக எந்தக் கலைச்சொல் அகராதியும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அடுத்த நாலைந்து நாள்களில் எனக்கு இப்படிப் பல சொற்கள் கிடைத்தன. ஸ்குரூடிரைவருக்குத் திருப்புளி. திருகாணியின் புரிக்கு மரை. தேய்க்கும் தாளுக்கு உப்புத்தாள். ஜேசி தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான், அப்பா “திருப்புளிய எடு” என்றபோது புளி டப்பாவைப் பார்த்தேன். அவர் இந்தச் சொற்களைப் புத்தகத்தில் படிக்கவில்லை. புதுக்கோட்டையிலும் திருவாரூரிலும் இருந்து பட்டறைக்கு வந்த ஊழியர்களோடு பக்கத்தில் நின்று வேலை செய்தபோது காதில் விழுந்தவை.

வீவக கார் நிறுத்துமிடம் பட்டறை அல்ல. அங்கே எண்ணெய் சிந்தி வேலை பார்க்கக் கூடாது. அதனால் அப்பா ஒரு முறை வைத்திருந்தார். பார்ப்பது கீழே, வேலை மேலே. சோதிப்பதையும் கழற்றுவதையும் நிறுத்துமிடத்தில் சீக்கிரம் முடித்துக்கொண்டு, கழற்றியதை ஒன்பதாவது மாடிச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்வது. அவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஸ்பேனர்கள் எல்லாம் சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையில் அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அவருடைய 10 மில்லிமீட்டர் ஸ்பேனரில் வேறு யாருடைய பெயரோ சீன எழுத்தில் கீறியிருக்கிறது.

இயந்திரத்தை ஓட விடாமல் முதல் சோதனை. முழுதாக முறுக்கி, சட்டென்று கையை எடுக்க வேண்டும். “டக்குன்னு சத்தம் கேக்கணும்” என்றார். சிலைடு கீழே போய் முட்டும் சத்தம் அது. கேட்கவில்லை. கைப்பிடி பாதி வழி வந்து, யோசித்து, மெதுவாக மீதியைக் கடந்தது. ஹேண்டிலை இடப்பக்கக் கோடிவரை திருப்பி மறுபடி செய்தோம். இன்னும் மோசம். வலப்பக்கம் திருப்பினால் கொஞ்சம் பரவாயில்லை. ஹேண்டிலின் நிலைக்கு ஏற்பச் சிக்கல் மாறுகிறது என்றால் கேபிளின் மேல் சந்தேகம் வர வேண்டும், ஏனென்றால் ஹேண்டில் திரும்பும்போது வளைவது கேபிள்தான். கார்ப்ரேட்டர் எங்கும் போவதில்லை. அந்த இளைஞர் ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்தது பிரித்துப் பார்ப்பது. கைப்பிடி, கேபிள், கார்ப்ரேட்டர் என்று மூன்று இடங்கள். மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தனித்தனியாக அசைத்துப் பார்த்தால் திருடன் தெரிந்துவிடுவான். வலப்பக்கப் பொத்தான்கள் இருக்கும் பெட்டியில் இரண்டு திருகாணிகள். கழற்றினால் பெட்டி இரண்டாகப் பிளக்கும். கம்பியின் நுனியில் ஒரு சிறிய ஈயக் குமிழ். அதைக் கைப்பிடியின் காடியிலிருந்து நெம்பி எடுத்தேன். இப்போது கைப்பிடி தனி.

“சுத்திப் பாரு.”

சுற்றினேன். அதற்கே கனமாக இருந்தது. கேபிள் இல்லாத கைப்பிடி ஒரு விரலால் தட்டினாலே சுழல வேண்டும். அப்பா எழுந்து வந்து, குனிந்து, கைப்பிடியின் நுனியைப் பார்த்தார். அங்கே ஹேண்டிலின் முனையில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும், அதிர்வைக் குறைப்பதற்காக. கைப்பிடி ரப்பரின் ஓரம் அந்தக் குண்டோடு ஒட்டிக்கொண்டு உராய்ந்ததில் பளபளவென்று தேய்ந்திருந்தது. செப்டம்பரில் கிழிந்த ரப்பரை ஒரு கடையில் மாற்றியிருந்தேன். மாற்றியவர் ரப்பரை வெளிப்பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் அதிகம் தள்ளிப் பொருத்திவிட்டார். மழையில் ரப்பர் நனைந்ததும் பிடிப்பு கூடிவிட்டது. இது மிகப் பரவலான கோளாறு என்று அப்பா சொன்னார். ரப்பருக்கும் குண்டுக்கும் இடையே ஒரு தடித்த அட்டை நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். புதிதாக ரப்பர் மாற்றியவர்கள் இப்போதே போய்ப் பார்க்கலாம்.

திருடன் ஒருவன் அகப்பட்டான். ஆனால் ஹேண்டிலைத் திருப்பினால் சிக்கல் மாறியதே, அதற்கு இந்த ரப்பர் காரணமாக இருக்க முடியாது. கார்ப்ரேட்டரின் மேல்மூடியைத் திருகிக் கழற்றி, சிலைடையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்தோம். சிலைடு சுத்தமாக இருந்தது, கீறல் இல்லை. துணியால் துடைத்து உள்ளே விட்டால் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. 300 வெள்ளி மிச்சம்! அதை மறுபடி மாட்டும்போது மட்டும் கவனம் தேவை. சிலைடின் அடியில் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருக்கும், அந்தப் பக்கம் காற்று வடிகட்டியைப் பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் காடி, உள்ளே இருக்கும் சிறு முனையில் அமர வேண்டும். மாறிப் போனால் முழுதாக மூடாது, கிளப்பியவுடன் இயந்திரம் தறிகெட்டு ஓடும்.

மிஞ்சியது கேபிள். இரு முனைகளும் விடுபட்ட கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்தேன். மணலில் இழுப்பதைப் போல நறநறத்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உறையின் மேல்வாய் வழியாக ஒவ்வொரு மழையிலும் ஒரு சொட்டு இறங்கினால் போதும். அதோடு ஹேண்டிலில் இப்போது கூட்டம் அதிகம். கைத்தொலைபேசி தாங்கி ஒரு பக்கம், 2023 இறுதியிலிருந்து பொருத்தத் தொடங்கிய புதிய ஈஆர்பி கருவி ஒரு பக்கம். கேபிள் பழைய வளைவில் போக இடமில்லாமல் தாங்கியின் அடியில் கூர்மையாக மடங்கிக் கிடந்தது. தாங்கியை நான்கு விரல் நகர்த்தினோம்.

கேபிளை மேலே கொண்டுவந்தேன். அம்மா சமையலறை மேசையைக் காட்டி, “அதுல பேப்பர் போடாம வச்சீங்க…” என்றார், மீதியைச் சொல்லவில்லை. பழைய தமிழ் முரசு இரண்டு தாள்கள் விரித்தோம். கைப்பிடியின் பிளாஸ்டிக் குழாயை மண்ணெண்ணெயில் துடைத்து, ஹேண்டில் குழாயில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தது பத்து நிமிட வேலை. அங்கே கிரீஸை அப்பக் கூடாது, புழுதியை இழுத்துவைத்துக்கொள்ளும்.

கேபிளுக்கு எண்ணெய் விடுவதற்கு அப்பாவின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. (இது விருப்பத்தைச் சொல்லும் பிடித்தது!) பிளாஸ்டிக் பையின் ஒரு மூலையை ஊசியளவு வெட்டி, உறையின் மேல்வாயில் கூம்பு போலச் செருகி, ரப்பர் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். கேபிளைக் கதவுக் கொக்கியில் நெட்டாகத் தொங்கவிட்டு, கூம்பில் இரண்டு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய். கீழே ஒரு பால் டின். இடையிடையே கம்பியை மேலும் கீழும் அசைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. இரவு பதினொரு மணிக்குக் காப்பி நிறத்தில் முதல் சொட்டு விழுந்தது. காலையில் பார்த்தபோது டின்னின் அடியில் செம்மண் போல ஒரு படிவு, மேலே தெளிந்த எண்ணெய். உள்ளே நைலான் பூசிய கேபிள்கள் சிலவற்றுக்கு எண்ணெய் வேண்டாம் என்பார்கள், உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடிக்கும் பழக்கம் இருக்கிறது. அது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காகத் தயாரிக்கப்பட்ட திரவம், பெயரிலேயே அந்தப் பொருள்தான் இருக்கிறது. துருவைத் தளர்த்த நல்லது. நாள்பட நின்று வழுக்க அதை நம்பக் கூடாது.

காலையில் கம்பி வெண்ணெயில் இழுப்பதைப் போல ஓடியது. நான் மாட்டிவிடலாம் என்று எடுத்தேன். அப்பா கையை நீட்டி வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தைக் கம்பியின் மேல் மெல்ல ஓட்டினார். அவர் கை நடுங்கியதால் கம்பியும் நடுங்கியது. ஆனால் மேல்முனைக் குமிழுக்கு ஒரு விரல் கீழே நகம் நின்றது.

“இங்க தொட்டுப் பாரு.”

தொட்டேன், குத்தியது. முறுக்கேறிய இழைகளில் இரண்டு அறுந்து, முடியைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு எளிதில் தெரியாது. இந்த அறுந்த இழைதான் உறையின் வாயில் மாட்டிக்கொண்டு முறுக்கைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கிறது. எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் இழை அறுந்த கேபிள் கேபிள் அல்ல. இரண்டு அறுந்தால் மூன்றாவதுக்குச் சுமை கூடும். சாலை நடுவில் முழுதாக அறுந்தால் வண்டி வேகம் இழந்து நின்றுவிடும், அதுகூடப் பரவாயில்லை. பாதி அறுந்து மாட்டிக்கொண்டால் ரங்கூன் ரோட்டில் நடந்தது அதிவேகச் சாலையில் நடக்கும்.

புது கேபிளைப் பொருத்தியது ஒரு சனிக்கிழமை காலை. பழைய கேபிள் போன வழியைக் கழற்றுவதற்கு முன்பே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததால் சிரமம் இல்லை. கீழ்முனையைச் சிலைடில் மாட்டி, மேல்முனையைக் கைப்பிடிக் காடியில் அமர்த்தி, பெட்டியை மூடினேன். பிறகு தளர்வைச் சரிசெய்ய வேண்டும். கைப்பிடியைத் திருப்பத் தொடங்கி, கம்பி உண்மையில் இழுபடும்வரை ஒரு சிறு வெற்றசைவு இருக்க வேண்டும். எங்கள் கையேட்டில் 2 முதல் 6 மில்லிமீட்டர்வரை என்று போட்டிருக்கிறது. கேபிளில் உள்ள திருகு நட்டை வைத்து 3-இல் நிறுத்தினோம். இந்தத் தளர்வே இல்லாமல் இறுக்கிவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் தானாக இழுபட்டு வண்டி தானாக வேகமெடுக்கும். யூ-வளைவில் திரும்பும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிச் சோதனை இயந்திரத்தை ஓடவிட்டு. கையை வைக்காமல் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப, சத்தம் மாறக் கூடாது. மாறவில்லை. நிறுத்திவிட்டு, முழுதாக முறுக்கிக் கையை எடுத்தேன்.

டக்.

அப்பா இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். டக். நிறுத்துமிடத்தின் தாழ்ந்த கூரையில் எதிரொலித்தது. மார்ச் மாதச் சோதனையிலும் வண்டி தேறிவிட்டது. அங்கே முறுக்கைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேபிள் வாங்கப் போன கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய உதிரிபாகக் கடை. அப்பாவும் வந்தார். இருபது நிமிட நடையை நாற்பது நிமிடத்தில் நடந்தோம். கடையில் இருந்த சீனப் பெரியவர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு மலாயில் நலம் விசாரித்தார். உள்ளே போய், தூசி படிந்த அட்டைப் பெட்டியிலிருந்து சுருட்டிய கேபிள் ஒன்றை எடுத்துவந்தார். 18 வெள்ளி. இந்த மாதிரிக்கு இனிமேல் சரக்கு வராது, பெட்டியில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டையும் எடுத்தால் 30 வெள்ளிக்குத் தருகிறேன் என்றார். நான் பணப்பையைத் திறந்தேன்.

அப்பா பழைய கேபிளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவரே 2016-இல் மாட்டியது. எட்டு ஆண்டு ஓடியிருக்கிறது. விரல்களை மடக்கி ஏதோ எண்ணினார்.

“சத்து சுகோப்,” என்றார் கடைக்காரரிடம். பிறகு என்னைப் பார்த்து, “ஒன்னு போதும் பாப்பா.”